அண்ணனுக்கு எடுத்து வைத்த பங்கு

பம்பாய் செம்பூரில் உள்ள அந்தப் பார்பெக்யூ ஓட்டல் என் அண்ணனுடைய ஓட்டல் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. சொந்த ஓட்டல் என்று அர்த்தமில்லை. அண்ணன் டெம்போ ஓட்டினார். ஓட்டல்களுக்கு அடுப்புக்கரி மூட்டைகளைக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. அந்த ஓட்டலின் பின்வாசலில் பல வருஷம் மூட்டை இறக்கியவர், ஒரு பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்குப் பிறகும் நாங்கள் நால்வரும் அங்கே சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருக்கிறார்.

அந்த ஓட்டலில் மேசையின் நடுவே சதுரமாக ஒரு பள்ளம் இருக்கும். அதில் கனல் நிரம்பிய இரும்புத் தட்டைக் கொண்டுவந்து இறக்குவார்கள். கோழி, கொத்துக்கறி கபாப், இறால், அன்னாசி எல்லாம் கம்பியில் கோத்து வரும். கனலின் மேல் வைத்து நாமே திருப்பிவிட்டு, பிரஷ்ஷால் எண்ணெய் தடவி எடுத்துத் தின்ன வேண்டியதுதான். எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். மேசையில் வட்டமான ஒரு மரவில்லை கிடக்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. பச்சை மேலே இருக்கும் வரை கம்பிகள் வந்துகொண்டே இருக்கும். போதும் என்றால் திருப்பி சிவப்பாக வைக்க வேண்டும்.

எனக்குக் கூச்சம் அதிகம். ஓட்டலில் தண்ணீர் வேண்டும் என்றால்கூட மனைவியிடம் சொல்லி அவளைக் கேட்க வைப்பேன். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறேன். அங்கே நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் அந்தப் பார்பெக்யூ ஓட்டலில் மட்டும் எனக்குக் கூச்சமே தெரியாது. காரணம் அண்ணன். நாங்கள் உள்ளே நுழைந்ததுமே யாராவது ஒரு சர்வர், "அண்ணா ஆ கயா", அண்ணன் வந்துவிட்டார் என்று சத்தம் போடுவார். அண்ணன் அவர்களுக்குக் கொஞ்சம் தமிழ் சொல்லிக்கொடுத்திருந்தார். வயதான ஒரு சர்வர் யாரைப் பார்த்தாலும் "சாப்டியா?" என்பார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிக் கேட்பார். மகள் சின்ன வயதில் அதற்கே விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் சுவர் ஓரமாக உட்கார்ந்து, யாரும் என்னைக் கவனிக்காத நிம்மதியில் வயிறு நிறையத் தின்பேன். பம்பாயில் எனக்கு அவ்வளவு பிடித்த இடம் வேறு கிடையாது.

போன மழைக்காலத்துக்கு முன்னால் அண்ணனுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை நோய். புண் ஆறாமல் கறுத்துப்போய்விட்டது. எங்கள் வீடு மாடியில். கீழே ஒரு பட்டறை, மேலே நாங்கள். ஏறி இறங்க வெளிப்பக்கம் நெட்டுக்குத்தலான இரும்பு ஏணி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான்கு பேர் சேர்ந்து அவரை மேலே ஏற்றினோம். அதன் பிறகு அவர் கீழே இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம். முதலில் பேசிய ஒரு வீட்டார், "குடும்பத்துல யாருக்கும் சுகர் உண்டா?" என்று கேட்டார்கள். என் மனைவி மறைக்காமல் சொன்னாள். அதன் பிறகு அவர்களிடமிருந்து போன் வரவில்லை. அது என் மனதில் நின்றுவிட்டது. அடுத்து முலுண்டிலிருந்து ஒரு வரன் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்கள்தான். பாத்திரக்கடை வைத்திருக்கிறார்கள். பையன் நல்ல பையன். மகளும் அவனும் போனில் பேசிப் பழகி, அவளுக்கு அவனைப் பிடித்தும் போயிருந்தது. வீட்டில் நடமாடும்போதே அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. இந்த வரன் கைவிட்டுப் போகக்கூடாது என்று நான் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பையனின் அப்பா ஒருநாள் எனக்குப் போன் செய்தார். ஏணியிலிருந்து இறங்கிக் கீழே சந்தில் நின்று பேசினேன். இரண்டு வீட்டாரும் வெளியே எங்காவது ஒன்றாகச் சாப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம், முலுண்டுக்கும் தாராவிக்கும் நடுவில் செம்பூர் பக்கம் ஏதாவது நல்ல இடமாக நீங்களே சொல்லுங்கள் என்றார். பிறகு, "அண்ணாச்சியும் வருவாங்கல்லா? பெரியவங்க ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

"அவங்க ஊருக்குப் போயிருக்காங்க. வர ஒரு மாசம் ஆவும்" என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு மாற்றிச் சொல்லவும் இல்லை. மனைவியிடமும் இதைச் சொல்லவில்லை. ஏணி இறங்க முடியாததால் அண்ணன் வரவில்லை என்றே அவள் நினைத்துக்கொண்டாள். அண்ணனும், "நீங்க போய்ப் பேசிட்டு வாங்கலே. நான் எங்க வர?" என்றார்.

சாப்பிடும் இடமாக நான் அந்தப் பார்பெக்யூ ஓட்டலைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த நல்ல ஓட்டல் அது ஒன்றுதான். வேறு ஓட்டலில் போய் எப்படி உட்காருவது, என்ன கேட்பது என்பதே எனக்குத் தெரியாது. அண்ணனை இல்லை என்று சொன்னவன், அண்ணனை எல்லோருக்கும் தெரிந்த இடத்துக்கே அவர்களை அழைத்துப் போகிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பையன், அவன் அப்பா, அம்மா மூவரும் காரில் வந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்தோம். கனல் தட்டு வந்து இறங்கியது. எங்களை உட்கார வைத்த சர்வர் புதிதாக வந்தவர், எங்களைத் தெரியாது. அண்ணனை இங்கே எல்லோருக்கும் தெரியுமே என்பது அப்போதுதான் உறைத்தது; நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். முதல் கம்பிகள் வந்தன. பையனின் அப்பா கம்பியைத் திருப்பியபடியே கடைக் கதைகள் சொன்னார். கோழி வெந்து கொழுப்பு கனலில் சொட்டி புகை எழுந்தபோது, மனைவி பையைத் திறந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்கள் அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் கிடா வெட்டிச் சமைத்தால், பந்தி போடும் முன் வராதவர்களுக்குப் பங்கு எடுத்து வைப்பது முறை. வேலைக்குப் போனவன், படுக்கையில் கிடப்பவர், கோபித்துக்கொண்டு வராதவன் யாராக இருந்தாலும் அவர்கள் பங்கு முதலில் தூக்குச்சட்டிக்குள் போகும். அதன் பிறகுதான் மற்றவர்கள் கை நனைப்பார்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்வது என் மனைவி. இந்த ஓட்டலுக்கு இதுவரை வராதவர் என்று ஒருவர் இருந்ததில்லை. இப்போதுதான் முதல் தடவை. அவள் எதையும் மறைக்கவில்லை. முள்கரண்டியால் இரண்டு கபாப், நான்கு கோழித்துண்டு என்று கம்பியிலிருந்து உருவி டப்பாவில் போட்டாள்.

புதிய சர்வர் ஓடி வந்தார். "ஆண்ட்டி, பார்சல் அலவுட் நஹீ ஹை."

"பார்சல் நஹீ, பையா. ஹிஸ்ஸா ஹை, ஹிஸ்ஸா. கர் மே ஆத்மி ஹை." பார்சல் இல்லை, பங்கு, வீட்டில் ஆள் இருக்கிறார் என்று அவள் தனக்குத் தெரிந்த இந்தியில் பொறுமையாக விளக்கினாள். சர்வருக்குப் புரியவில்லை. யாரையோ கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பையனின் அம்மாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. "எங்க மாமியாரும் இப்படித்தான். பங்கு எடுக்காம பந்தில உக்கார விடமாட்டாங்க. யாருக்கு இது?"

"எங்க பெரிய அத்தானுக்குத்தான், இவுக அண்ணனுக்கு. வீட்ல இருக்காவல்லா. அவுக இல்லாம நாங்க இங்க வந்ததே கெடையாது."

பையனின் அப்பா கையில் கம்பியோடு என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி ஊருக்குப் போயிருக்கறதால்லா சொன்னீங்க?"

என் வாயில் ஒரு கபாப் துண்டு இருந்தது. கனலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"நேத்து சாயங்காலம்தான் வந்தாவ" என்றாள். "ரயில்ல வந்த அலுப்பு. படுத்திருக்காவ."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவளோடு வாழ்கிறேன். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு டப்பா மூடியை எடுத்து முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அப்படின்னா ஒண்ணு செய்வோம்" என்றார் பையனின் அப்பா. "சாப்ட்டுட்டு ஒரு எட்டு போய் அவங்களைப் பாத்துட்டுப் போயிருவோம். போற வழிதான?"

"ப்பா, முலுண்ட் இந்தப் பக்கம், தாராவி அந்தப் பக்கம்" என்றான் பையன்.

"கார்லதாம்ல போறோம்! ஒனக்கென்ன அவசரம்? அதான் பொண்ணு எதுத்தாப்புலயே இருக்கால்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அப்போது உள்ளேயிருந்து அந்த வயதான சர்வர் வந்தார். புதியவர் அவரிடம் போய்த்தான் கேட்டிருக்க வேண்டும். தூரத்திலேயே எங்களை அடையாளம் கண்டு, "அரே பாபி! சாப்டியா?" என்று என் மனைவியைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு வந்தார். வந்தவர் எங்கள் மேசையை ஒரு தடவை கண்ணால் சுற்றிப் பார்த்தார். அண்ணனைத் தேடுகிறார் என்று தெரிந்தது. தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி, அண்ணனின் கால் புண் ஆறிவிட்டதா என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் காலை எடுத்த மறுவாரம் வந்து பார்த்தது, பிறகு வர முடியவில்லை, இப்போதாவது ஏணி இறங்குகிறாரா, அப்படியே படுக்கைதானா என்றும் கேட்டார். எல்லாம் இந்தியில்தான். முலுண்டில் இருப்பவர்களுக்கு இந்தி தெரியாதா என்ன.

யாரும் பதில் சொல்லாததைக் கண்டு அவர் குழம்பினார். பிறகு டப்பாவைப் பார்த்தார். அது யாருக்கு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அண்ணா கா ஹை", அண்ணனுடையது என்று புதியவரிடம் சொல்லிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

பையனின் அம்மா என்னிடம் கேட்கவில்லை. என் மனைவியிடம் கேட்டார். "காலு எடுத்திருக்கா?"

மனைவி தலையை அசைத்தாள்.

"முழங்காலுக்குக் கீழ, ஆண்ட்டி" என்றாள் மகள். "சுகர்ல. பெரியப்பா ஊருக்கெல்லாம் போகல. மாடிய விட்டே எறங்கல."

பையனின் அம்மா என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"சுகரு எங்க வீட்லயுந்தான் இருக்கு. இவுகளே தெனமும் ஊசி போடுதாக. அத நீங்க மறைச்சாகூட நாங்க பெருசா நெனைக்க மாட்டோம். ஆனா ஒரு மனுசன் வீட்ல இருக்கையில இல்லேன்னுட்டீங்களே, அண்ணாச்சி."

நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் மகளுக்காக என்று சொல்லியிருக்கலாம். தட்டைப் பார்த்தபடி இருந்தேன். மரவில்லை பச்சையாகவே கிடந்தது. புதிய சர்வர் கம்பிகளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார். யாரும் தொடவில்லை. இறால் சுருண்டு கருக ஆரம்பித்தது. கடைசியில் மகள் கையை நீட்டி வில்லையைத் திருப்பி வைத்தாள்.

அந்த வயதான சர்வர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தபோது அது கனமாக இருந்தது. மூடி சரியாக மூடவில்லை. ரப்பர் பேண்டு போட்டிருந்தார். வாசலில் பையனின் அப்பா கை குவித்து, "வீட்ல பேசிட்டுச் சொல்லுதோம்" என்றார். பையன் என் மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினான்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது டப்பா மனைவியின் மடியில் இருந்தது. வண்டி முழுக்க அந்த வாசனை. சயான் தாண்டிய பிறகுதான் அவள் பேசினாள். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. டப்பா எடுக்காம வந்திருப்பேன்" என்றாள். பிறகு அவளே, "இல்ல, எடுத்துட்டுத்தான் வந்திருப்பேன்" என்றாள்.

மகள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ப்பா, நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நானும் ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லிருவீங்களா?"

ஆட்டோ ஓட்டுபவர் தமிழர். கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார்.

என் மகளுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இதை அவள் அவ்வளவு சுலபமாகப் படித்துவிட மாட்டாள் என்ற தைரியமும் இதையெல்லாம் நான் எழுதுவதற்கு ஒரு காரணம். பத்தாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் என்னைப் படிக்க வைத்தது அண்ணன்தான். அந்தத் தமிழில்தான் அவரை மறைத்த கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காத்திருந்தார். மனைவி டப்பாவைத் திறந்து கொடுத்தாள். ஒரு இறாலை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வாயில் போட்டார். "பாரு, எறால அள்ளி வச்சிருக்கான். கெழட்டுப்பய வேலைதான் இது" என்றார். நிதானமாக எல்லாவற்றையும் தின்றார். மாப்பிள்ளை எப்படி, கூச்சப்படாமல் சாப்பிட்டாரா, அவர் அப்பா நல்லாப் பேசுவாரா என்று மனைவியிடம் கேட்டார். அவள் நல்லபடியாகவே பதில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னையக் கேட்டாவளா?" என்றார்.

"கேட்டாங்கண்ணே" என்றேன். அன்று முழுவதும் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அந்த வாரம் மகள் என்னோடு பேசவில்லை. வேலைக்குப் போவாள், வருவாள், சாப்பிட்டுவிட்டு அண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்ப்பாள். அவன் போன் செய்கிறானா இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பட்டறையில் இரண்டு பைகளுக்கு வாரை மாற்றித் தைத்துவிட்டேன். முதலாளி, "என்னாச்சு பாய்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை பையனின் அம்மா என் மனைவிக்குப் போன் செய்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகவும், முதலில் பெரியவரைப் பார்க்க வேண்டும், மற்ற பேச்செல்லாம் அவரிடம்தான் என்றும் சொன்னார்.

"அப்ப சரின்னு சொல்லுதாங்களா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"சரின்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. ஒங்ககிட்டப் பேச மாட்டாங்க, அது மட்டும் தெரியுது."

பையனின் அம்மாவுக்கு மூட்டுவலி. எங்கள் ஏணியில் அவர் ஏற முடியாது. கீழ்ப் பட்டறை ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும்; அந்த இடத்தைக் கேட்டு வாங்கினோம். அண்ணனைக் கீழே இறக்க வேண்டும். அவரிடம் போய், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் உங்களைப் பார்க்க வருகிறார்கள், நீங்கள்தான் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஓட்டலில் நடந்ததைச் சொல்லவில்லை. ஊருக்குப் போயிருக்கிறார் என்று நான் சொன்னதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை கட்டில் வரை போனேன். தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

"கீழ எப்படி எறங்குறது?" என்றார்.

"நான் தூக்கிட்டு எறங்குதேண்ணே."

"நீயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. நாளைக்கே ஒரு தடவ எறக்கிப் பாரு. அவுக முன்னால என்னையப் போட்டுராத."

சனிக்கிழமை பட்டறை விட்டு வந்ததும் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டேன். மனைவி ஒரு பழைய சேலையால் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டினாள். மகள் கீழே போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பின்பக்கமாக, ஏணியைப் பார்த்தபடி, ஒவ்வொரு படியாகக் காலால் தேடித் தேடி இறங்கினேன். அவர் இரண்டு கைகளும் என் கழுத்தைச் சுற்றியிருந்தன. கால் இல்லாத பக்கம் என் இடுப்பில் முட்டிக்கொண்டே வந்தது. சந்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா, "என்ன அண்ணாச்சி, சவாரியா?" என்று கேட்டாள். அண்ணன் ஒரு கையை மட்டும் எடுத்து அவளைப் பார்த்து ஆட்டினார். நான் சீக்கிரம் இறங்கிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். பாதி வழியில் கால் வழுக்கி, பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் காதுக்கு அருகில், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, அண்ணன் சொன்னார்:

"எலே, மெதுவாப் போ. ஊருக்குப் போறவன இப்படியா அவசரமாத் தூக்கிட்டுப் போறது?"

இதே ஏணியின் அடியில் நின்றுதான் அன்று போன் பேசினேன். மேலே கதவு எப்போதும் போலத் திறந்திருந்தது. கட்டில் கதவை ஒட்டியே கிடக்கிறது. இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அந்த டப்பாவை வாங்கித் தின்றிருக்கிறார். தெரிந்துகொண்டுதான், என்னையக் கேட்டாவளா என்று கேட்டிருக்கிறார்.

அவர் முகத்தை நான் பார்க்க முடியாது. என் முகத்தை அவரும் பார்க்க முடியாது. "ண்ணே" என்றேன். கீழே மகள் அண்ணாந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குலே" என்றார் அண்ணன். "கை வலிக்கி."

அடுத்த படியைக் காலால் தேடினேன்.